கலங்கல் மேல் ஒரு சுவர்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் முதலில் செய்தது, ஃபிரிட்ஜிலிருந்த இட்லி மாவை எடுத்து மோந்து பார்த்தது. புளித்துப் போயிருந்தது. கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி ஊற வைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

பள்ளிக்குக் கிளம்பும்போது ஜெயசீலன் சார் வந்தார். குடியிருப்போர் சங்கத் தலைவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வராமலே பேசினார். ஏரிக்குக் கீழே இருக்கும் தாழ்வான நிலத்தில் அரசாங்கம் நாலு மாடி வீடுகள் கட்டப் போகிறதாம். ஏரிக்கரைக் குடிசைக்காரர்களை அங்கே மாற்றப் போகிறார்களாம். அக்டோபர் 30 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம்.

"நீங்கதான் பேசணும் மேடம். பயாலஜி டீச்சர். பறவை, மீன், தவளை எல்லாம் உங்க சப்ஜெக்ட். நாங்க பேசினா வயித்தெரிச்சல்னு சொல்லுவாங்க. நீங்க பேசினா சயின்ஸ்."

சரி என்றேன். மறுக்க வேண்டுமானால் நிறையப் பேச வேண்டும்.

"முகுந்தன் சார் இருந்திருந்தா இந்நேரம் ஒரு பெட்டிஷனே ரெடி பண்ணியிருப்பார்" என்றார் போகும்போது. தலையாட்டினேன். என் கணவருக்குத் தலை திவசம் போன மாதம் முடிந்தது. இன்னமும் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். முகத்தில் என்ன தெரிய வேண்டும் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

காலாண்டுத் தேர்வு ஆரம்பம். மேற்பார்வை. மதியம் கேன்டீன் தயிர்சாதம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டத்தில் பேசுவதற்குப் பறவைகளைப் பார்த்து எழுத வேண்டும் என்று ஜெயசீலன் சார் மறுபடி நினைவுபடுத்தினார். பீரோவில் இருந்த பைனாகுலரை எடுத்தேன். கிரகப்பிரவேசத்துக்கு முகுந்தன் வாங்கிக் கொடுத்தது. உறையின் உள்ளே காய்ந்த வேப்பம்பூ ஒன்று கிடந்தது.

ஏரி நிரம்பி நிற்கிறது. செப்டம்பரில் இந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் பாதி வற்றி இருக்கும். நெடுந்தாங்கல் மட்டும் இப்படி. பிளாட் விற்கும் விளம்பரங்களில் வருவதுபோல நீலமாக, விளிம்புவரை. நடைபாதையில் கலங்கல்வரை போனேன். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் இடம் அது. அதன்மேல் இப்போது முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் சுவர், அதையொட்டி நடக்க ஓடு பாவிய பாதை, நடுவில் கருங்கல் பெஞ்சு. பெஞ்சில் முகுந்தன் பெயர். சங்கத்தார் போட்டது. நான் அதில் உட்காருவதில்லை.

பார்த்தவை: நீர்க்காகங்கள். நடுவில் கறுப்பாக மிதந்த நாமக்கோழிகள். ஒரு மீன்கொத்தி.

நாங்கள் குடிவந்த வருடம் ஏரி ஓரத்துச் சேற்றில் பவளக்கால் உள்ளான்கள் வரிசையாக நின்றிருந்தன. சிவப்புக் குச்சியில் நிற்பதுபோல. அரிவாள் மூக்கன்கள், மடையான்கள். இப்போது ஓரம் என்று ஒன்று இல்லை. கரையிலிருந்து நேரே ஆழம்.

பருவம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 15, திங்கள்

வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா இன்று பாத்திரத்தைச் சத்தமில்லாமல் தேய்த்தாள். சந்தோஷமாக இருந்தால் அப்படி. கோபத்தில்தான் சத்தம் வரும்.

"புது வூட்டுக்கு டோக்கன் குட்த்துட்டாங்கோ டீச்சர். மூணாவது மாடி கேட்டுக்கிறேன். கீழ குட்த்தா மாமியார் வாசல்லியே குந்திக்கினு போறவங்க வர்றவங்கள வம்புக்கு இழுக்கும். மேல ஏத்திட்டா எறங்க முடியாது, நிம்மதி."

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் வீடு ஏரிக்கரை முனையில், தகரக் கூரை போட்டது. மகள் மோனிஷா பத்தாவது படிக்கிறாள். வயதுக்கு வந்த பிறகு விடிவதற்கு முன்னே எழுந்து முள்ளுக்காட்டுப் பக்கம் போய்வர வேண்டியிருக்கிறது. கன்னியம்மா டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே போகிறாள்.

"வூட்டுக்குள்ளியே கக்கூஸ் டீச்சர். கதவு வெச்சது. உள்ள தாப்பா போட்டுக்கலாம். அத நெனச்சா எனுக்குத் தூக்கமே வர்ல."

பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "மீட்டிங்ல நீங்க பேசப் போறீங்களாமே. எங்க பக்கம்தான பேசுவீங்க?"

"இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல."

"அதுவும் சர்தான்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தாள். சத்தம் வந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கிளப் ஹவுஸில் சங்கக் கூட்டம். சமோசா, டீ. எல்லோரும் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டிருந்தார்கள். எதிர் பிளாட் பிரமீளா எனக்கும் ஒன்று குத்திவிட்டாள்.

"பாவம் சுகந்தி, அந்த ஜீவனெல்லாம் எங்க போகும்?"

நாங்கள் குடிவந்த முதல் மழையில் தவளைச் சத்தத்தில் குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது, யாராவது மருந்து அடியுங்கள் என்று குழுவில் எழுதியது பிரமீளாதான். பிறகு அவளே மறந்துவிட்டாள். தவளைகளும் இப்போது கத்துவதில்லை.

ஒருவர், கீழே அந்த வீடுகள் வந்தால் நம் பிளாட்டை யாரும் வாங்க மாட்டார்கள் என்றார். ஜெயசீலன் சார் கையைத் தூக்கினார். "சார், அதெல்லாம் இங்க பேசிக்கலாம். அங்க போய் அது சதுப்பு நிலம்னு மட்டும் சொல்லுங்க. சதுப்பு நிலம். ஒரே வார்த்தை."

வெளியே வந்தேன். விருந்தினர் கார் நிறுத்தும் மேட்டில் பையன்கள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மேடு நம்முடையதில்லை என்று முகுந்தன் சொல்லியிருக்கிறார். அரசாங்கப் புறம்போக்கு. "சும்மா வேலி போட்டு வெச்சிருக்கோம். கேட்டா எடுத்துடணும். எவன் கேக்கப் போறான்" என்று சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கு இடது கண் மட்டும் சுருங்கும்.

ரிப்பனை எடுத்தபோது புடவையில் ஓட்டை விழுந்திருந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

தாழ்வு நிலத்தில் இறங்கிப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தே எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சதுப்பு எதுவும் இல்லை. காய்ந்து வெடித்த மண். அளவெடுத்துக் கல் நட்டுச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வருவாய்த் துறைப் பலகையில் 'தரிசு' என்று எழுதியிருக்கிறது. நிலத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

வெடிப்புக்குள் நத்தை ஓடுகள் கிடந்தன. வெளுத்து, தொட்டால் நொறுங்குகிறவை. கை நிறைய அள்ளலாம். ஒரு குச்சியால் கிளறினேன். கோரைக் கிழங்குகள், சில இன்னும் உயிரோடு. மேலே சீமைக்கருவேலம். எல்லாச் செடியும் என் தோள் உயரம்தான். பெரியது இல்லை, சின்னதும் இல்லை. ஒரே சமயத்தில் முளைத்தவை. அதற்கு முன்னால் இங்கே வருடா வருடம் தண்ணீர் நின்றிருக்கிறது. தண்ணீர் நிற்கும் மண்ணில் இவை முளைத்திருக்க முடியாது. பிறகு ஒரு வருடம் தண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார்கள்.

நிமிர்ந்தால் கலங்கல். கீழேயிருந்து அந்தச் சுவரை இன்றுதான் பார்க்கிறேன். நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு விரிசல் இல்லை, ஒரு கசிவு இல்லை. முகுந்தன் வேலை அப்படித்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கால் கழுவினேன். செருப்பில் ஒட்டியிருந்த ஓட்டுத் தூள் பாத்ரூம் சல்லடையில் அடைத்துக்கொண்டது. குச்சி விட்டுக் குத்தி எடுத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொரி வாங்கவில்லை. அவருடைய கருவிகளை மட்டும் துடைத்து வைத்தேன். ரசமட்டம், தூக்குக்குண்டு, டேப். ரசமட்டத்தின் குமிழி இன்னும் நடுவில் வந்து நிற்கிறது. மேஜை சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சுவர் கட்டிய சித்திரை நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய மழையில் கலங்கல் வழிந்ததைப் பால்கனியில் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். "எவ்ளோ தண்ணி சுகந்தி. சும்மா வழிஞ்சு வீணாப் போகுது. ஒண்ணரை அடி உயர்த்தினா மே மாசமும் நிக்கும்." சங்கத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அனுமதி என்று யாரும் கேட்கவில்லை. ஏரியில் தண்ணீர் சேர்ப்பதற்கு யார் அனுமதி கேட்பார்கள்? வேலை நடந்தபோது வெயிலில் நின்று முகம் கறுத்துப் போனார். முடிந்ததும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நல்லா இருக்கு என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பதைத் தவிர அந்த மனிதர் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

விடைத்தாள் திருத்தினேன். உணவுச் சங்கிலி வரையச் சொன்னால் ஒருத்தி புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று எழுதி, கடைசியில் 'பில்டர்' என்று ஓர் அம்புக்குறி போட்டிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கன்னியம்மா ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. பதறிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோனிஷா கலர் வாங்கக் கடைக்கு ஓடினாள். மாமியார் உள்ளேயிருந்து, "யாருடி அது, கரென்ட்டு ஆபீசரா?" என்றாள்.

"எங்க டீச்சரு. நீ படு."

நான் சுற்றி வளைக்கவில்லை. "கன்னியம்மா, கீழ் நிலத்துல முன்னாடி தண்ணி நிக்குமா?"

அவள் என்னைப் பார்த்துவிட்டு, அடுப்பில் இல்லாத பாத்திரத்தைச் சரி செய்தாள்.

"நிக்கும். ஏரி கோடி போனா நிக்கும்."

கலங்கலில் தண்ணீர் வழிவதை இங்கே கோடி போவது என்கிறார்கள். கோடி போகிற நாளில் கங்கையம்மனுக்குக் கெடா வெட்டி, தண்ணீரில் மஞ்சள் கரைத்து விடுவார்களாம். பிள்ளைகள் கீழே புடவையை விரித்து மீன் பிடிப்பார்களாம். இடுப்பளவு தண்ணீர். மாட்டுப் பொங்கல்வரை நிற்கும்.

"கடைசியா எப்ப போச்சு?"

"நீங்க வந்தீங்களே, அந்த வருசம். அதோட சரி. மூணு மழை ஆச்சு. அம்மனுக்குக் குத்தம், கெடா பாக்கி வெச்சிட்டோம்னு போன ஆடி மாசம் ஊரே கூடிப் பொங்க வெச்சுது."

"நீயும் வெச்சியா?"

"வெச்சேன்."

"அந்தச் சுவர்னாலன்னு உனக்குத் தெரியாதா?"

உள்ளே மாமியார் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியாம இன்னா டீச்சர்? சார் கட்டும்போது சித்தாள் வேலைக்கு நானும்தான் போனேன். எங்க ஆளுங்க ரெண்டு பேரு இட்ச்சுப் போட்லாம்னு கௌம்புனாங்கோ. அப்பதான் ஆபீசருங்க வந்து எடத்தைப் பாத்தாங்கோ. காஞ்சு கெடக்குது, இங்கியே உங்களுக்கு வூடு கட்டலாம்னு சொன்னாங்கோ. அதுக்கப்புறம் எவன் இடிப்பான்? சாமி குத்தம்னே இருக்கட்டும்னு வாய மூடிக்கினோம்."

"மழை ஜாஸ்தியா வந்து அந்தச் சுவர் போச்சுன்னா? நீங்கல்லாம் நேர் கீழே இருப்பீங்க."

"அதான் மூணாவது மாடி கேட்டுக்கிறேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

மோனிஷா கொண்டுவந்த கலரைக் குடித்தேன். எழுந்தபோது கன்னியம்மா வாசல்வரை வந்தாள். "சார் போனப்புறம் உங்க மூஞ்சியப் பாத்தா எதுவும் சொல்லத் தோணல டீச்சர். பெஞ்சி வேற போட்டுட்டாங்கோ."

அக்டோபர் 17, வெள்ளி

பருவமழை தொடங்கியது. துணி காயவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிரமீளா அதிரசம் கொண்டுவந்து, எனக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் நின்றாள். நானே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கு ஒன்றும் இல்லை. அதிரசம் கொஞ்சம் கெட்டி.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டு நாளாக விடாத மழை. பள்ளி விடுமுறை. குடையை எடுத்துக்கொண்டு கலங்கலுக்குப் போனேன். தண்ணீர் சுவரின் விளிம்பைத் தொட்டுவிட்டது. சுவர் அசையவில்லை. ஆனால் சுவர் முடிந்து மண் கரை தொடங்கும் இடத்தில் பழுப்பாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. விரல் பருமன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மண்கட்டி கரைந்து விழுந்தது, கை பருமன் ஆயிற்று. சுவருக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருக்கும் கரை போய்விடும். கரைக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாவின் தகரக் கூரை.

ஜெயசீலன் சாருக்குப் போன் செய்தேன். ரெயின்கோட்டில் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான். வாட்ச்மேன்களையும் குடிசைப் பக்கத்து ஆண்களையும் கூப்பிட்டு, தானும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மண் மூட்டை தூக்கினார். கன்னியம்மாவும் வரிசையில் நின்றாள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மூட்டை போயிற்று. சாயங்காலம் கசிவு நின்றது. எல்லோரும் ஒன்றாக நின்று டீ குடித்தார்கள்.

"முகுந்தன் சார் கட்டினதாச்சே. நின்னுடுச்சு பாத்தீங்களா!" என்றார் ஜெயசீலன் சார், பெஞ்சைத் தட்டி.

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் அவர் சொன்னது, இந்தப் பக்கம் அவள் சொல்லாதது. நடுவில் நான் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு தெரிந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை விட்டது. மேகம் மட்டும். ஜெயசீலன் சார் நான் பேச வேண்டியதை டைப் அடித்துக் கொண்டுவந்தார். சதுப்பு நிலம், வலசைப் பறவைகள், அடுத்த தலைமுறை. கடைசிப் பத்தியில் 'மறைந்த பொறியாளர் முகுந்தன் கண்ணின் மணியாகக் காத்த ஏரி' என்று இருந்தது.

"அந்த வரி வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்க மேடம். அழுகை வந்தா அழுதிடுங்க. தப்பில்ல."

"எனக்கு வர்றதில்ல சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனைவி போனபோது தனக்கும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தது என்றார். அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று தோன்றியது. முப்பதாம் தேதிக்குப் பிறகு இவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற மாட்டாரோ என்று எதற்கோ நினைத்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

கன்னியம்மா: "நாளன்னிக்கு எங்காளுங்க எல்லாம் வேலைக்கு லீவு. மோனிஷாகூட வர்றா. அவளுக்கு வூட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசணுமாம். கண்ணாடி முன்னாடி நின்னுப் பேசிப் பாக்குறா, லூசு."

"பேசட்டும்."

"நீங்க இன்னா பேசுவீங்கன்னு நான் கேக்க மாட்டேன் டீச்சர்."

"சரி."

"கேக்கல."

"தெரியுது."

அக்டோபர் 29, புதன்

புடவைக்கு இஸ்திரி போட்டேன். ரிப்பன் குத்திய ஓட்டை மடிப்புக்குள் போய்விடும்.

சாயங்காலம் மறுபடி தாழ்வு நிலத்துக்குப் போனேன். மழைத் தண்ணீர் குழிகளில் மட்டும் தேங்கி நிற்கிறது. அந்த அளவுக்கே கோரை முளைத்துவிட்டது. ஒரு குழியில் இரண்டு தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. எங்கே இருந்தன இத்தனை வருடம்? மண்ணுக்கு அடியில்தான் இருந்திருக்க வேண்டும். காய்ந்த இடத்தில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, சாகாமல், அசையாமல் கிடக்கும். பாடத்தில் நடத்தியிருக்கிறேன்.

பிறகு கார் நிறுத்தும் மேட்டுக்குப் போனேன். காலால் அளந்தேன். எல்லா வீடும் கொள்ளாது. பாதி கொள்ளும். நெருக்கிக் கட்டினால் கூடக் கொஞ்சம். தண்ணீர் ஏறாத மண். எங்கள் கேட்டுக்குப் பக்கத்திலேயே. பால்கனியில் நின்றால் அவர்கள் துணி காய்வது தெரியும்.

இதை எழுதி முடித்தால் படுத்துவிடலாம்.

ஜெயசீலன் சார் கொடுத்த தாளை எடுத்துப் போக மாட்டேன். நாளை நான் மூன்று சொல்வேன். கலங்கல் மேல் இருக்கும் சுவரை என் கணவர்தான் கட்டினார், அனுமதி வாங்கவில்லை, அதை இடிக்க வேண்டும். இடித்தால் கீழ் நிலத்தில் தண்ணீர் நிற்கும், அங்கே யாருக்கும் வீடு கட்டக் கூடாது. எங்கள் சங்கம் வேலி போட்டு வைத்திருக்கும் மேடு அரசாங்கத்துடையது, வீட்டை அங்கே கட்டுங்கள். இதில் முதலாவதைச் சொன்னால் சங்கத்தில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். இரண்டாவதைச் சொன்னால் கன்னியம்மா பேச மாட்டாள். மூன்றாவதை அவள் நம்ப மாட்டாள். கொடுப்பார்கள் என்று எனக்கே நிச்சயமில்லை. டார்ச் பிடித்துக்கொண்டு அவள் இன்னும் எத்தனை காலம் நடப்பாள் என்றும் தெரியாது. தெரியாமலேதான் போகிறேன்.

முகுந்தனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. போட்டோ முன்னால் இரண்டு தடவை போய் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மாவு அரைத்து வைத்திருக்கிறேன், வழக்கம்போலக் கூடுதலாக. காலையில் கன்னியம்மா கூட்டத்துக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தால் மோனிஷாவுக்கு நாலு இட்லி கட்டிக் கொடுக்கலாம். நாளைக்குப் பிறகு வாங்குவாளோ என்னவோ.

சுவரை இடிக்கும்போது பெஞ்சை மட்டும் எடுத்து வேறு எங்காவது போடச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். கோடி போகும்போது தண்ணீர் அதன்மேல் போகட்டும்.